எட்டு இல்லாத பதினொரு டிரையர்

அண்ணே,

ஒன்பது வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி முடியாது. போன ஆடியில் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதற்காக, உங்கள்மேல் எனக்குள்ள வருத்தங்களைத் தள்ளுபடி செய்வதாக இல்லை. உங்கள் காரியத்துக்கு நான் வரவில்லை. வேலை இருக்கிறது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். வேலை ஒன்றும் இல்லை. புதுக்கோட்டையில் என் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் மகள் சுகந்தி கடைக்கு வந்து, மேசைமேல் ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தாள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. நாம் சேர்ந்து வேலை பார்த்த அரிசி மில்லில், நெல் காய வைக்கிற டிரையர்களிலிருந்து வரும் ஒயரைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் கன்வெர்ட்டர். திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். தவிட்டு வாடையும் பழைய சந்தன வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. ஆயுத பூஜைக்கு நீங்கள் வைத்த பொட்டு, திருகு ஓட்டை வழியாக உள்ளே இறங்கிக் காய்ந்து கிடந்தது. ஒரு மின்னணுக் கருவிக்கு உள்ளேயே சந்தனம் பூசிய மனிதர் இந்த ஜில்லாவில் நீங்கள் ஒருவர்தான்.

"சித்தப்பா, இதுல ஏதும் கோளாறான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

என்னை அவள் சித்தப்பா என்று கூப்பிடுகிறாள். நான் உங்களை அண்ணே என்று கூப்பிட்டதால் வந்த வினை. அந்த உறவுக்கு நான் விண்ணப்பம் எதுவும் போடவில்லை.

ஐப்பசி மழையில் விழுந்த இடியில் மில்லின் பழைய கம்ப்யூட்டர் போய்விட்டதாம். புதிது வாங்கியிருக்கிறார்கள். அதில் கம்யூனிகேஷன் டிரைவரை அமைக்கத் தெரிந்த ஆள் யாரும் அங்கே இல்லை. சுகந்தி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். மூன்று வருடமாக அதே மில்லில் எடை மேடையில் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். "நான் செஞ்சு பாக்குறேன் முதலாளி" என்று கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் ஓடினால் கண்ட்ரோல் ரூம் வேலையை அவளுக்கே தருவதைப் பற்றி யோசிப்பதாகவும், ஓடாவிட்டால் சனிக்கிழமை திருச்சியிலிருந்து ஆள் வருவார்கள் என்றும் முதலாளி சொல்லியிருக்கிறார்.

அந்த டிரைவரை முதன்முதலில் நாம் அமைத்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு மறக்கவே இல்லை. ஒவ்வொரு டிரையரின் நெற்றியிலும் சூடு பார்க்கும் கருவி ஒன்று. பத்துக் கருவிக்கும் ஒரே ஒயர். கம்ப்யூட்டர் வாத்தியார் மாதிரி வரிசையாக நம்பரைக் கூப்பிடும்; அந்தந்த நம்பருக்குரிய கருவி "உள்ளேன் ஐயா" என்று தன் சூட்டைச் சொல்லும். வாத்தியாரும் பிள்ளைகளும் ஒரே பாஷையில் ஒரே வேகத்தில் பேச ஏற்பாடு செய்கிற புரோகிராம்தான் டிரைவர். ஒயரைச் செருகியிருக்கிற துவாரம் எது, என்ன வேகம், யார் யாருக்கு என்ன நம்பர், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அன்று ஒரு கருவியும் வாயைத் திறக்கவில்லை. நான் நூற்றைம்பது பக்க மேனுவலை இரண்டு நாள் படித்தேன். வேகத்தை மாற்றினேன், துவாரத்தை மாற்றினேன். மூன்றாம் நாள் நீங்கள் டீ டம்ளரோடு வந்து நின்றீர்கள்.

"எம்.ஈ., அந்த ரெண்டு ஒயரையும் மாத்திக் குடுத்துப் பாப்பமா?"

"அண்ணே, இது மோட்டார் இல்லை. சும்மா மாத்திப் போட்டுப் பாக்குறதுக்கு."

"சரிங்க எம்.ஈ. நீங்க படிங்க. நான் சும்மா மாத்துறேன்."

மாற்றினீர்கள். பத்தும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தன. மிச்ச டீயைக் குடித்துவிட்டுப் போனீர்கள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன்.

எம்.ஈ. என்று நீங்கள் கூப்பிட்டதும் என் கணக்கில் தனியாக நிற்கிறது. அது நான் வாங்கிய பட்டம். நீங்கள் அதை எனக்குப் பேராக வைத்தீர்கள். அன்னவாசல் டீக்கடை வரைக்கும் அந்தப் பேர் பரவியது. ஒரு நாள் தபால்காரர் என் வீட்டு வாசலில் நின்று, "எம்.ஈ. சார் இருக்காரா?" என்று கேட்டார். என் அம்மா, "அப்படி யாரும் இங்க இல்லைங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டர் திரைக்கு நட்ட நடுவில் பொட்டு வைப்பீர்கள். ஐந்தாம் டிரையரின் சூடு சரியாக அந்த இடத்தில்தான் தெரியும். துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும். மாசி வரைக்கும் ஐந்தாம் டிரையரின் சூட்டை நான் தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தே படித்தேன். என் கழுத்து வலி அங்கே ஆரம்பித்தது என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

இவையெல்லாம் சில்லறை. பெரிய வருத்தம் எட்டாம் எண்.

டிரையர்களுக்குச் சிவப்புப் பெயிண்டில் ஆளுயர நம்பர் எழுதியது நீங்கள். ஒன்று முதல் ஏழு வரை ஒழுங்காக எழுதினீர்கள். அடுத்தது ஒன்பது, பத்து, பதினொன்று. எட்டு சனிக்குரிய எண்ணாம். முதலாளியின் லாரிகளில் நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிற வண்டி ஒன்றுகூடக் கிடையாது. அவருக்கு நீங்கள் செய்தது மிகவும் பிடித்துப்போயிற்று. சாக்கிலும் விசிட்டிங் கார்டிலும் "11 டிரையர்கள் கொண்ட நவீன அரிசி ஆலை" என்று அச்சடித்துவிட்டார். ஒரு அதிகாரி வந்து டிரையர்களை எண்ணினார். பத்து வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி எண்ணினார். அப்போதும் பத்து. நீங்கள் அவரை இளநீர் குடிக்க அழைத்துப் போய்விட்டீர்கள்.

டிரைவரில் நம்பர் கொடுக்கிற இடத்தில் முதல் எண், கடைசி எண் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன; வேண்டாத எண்ணைத் தனியாக நீக்கவும் வழி இருந்தது. ஒன்று, பத்து என்று அடித்தேன். கருவிகளிலும் வரிசையாக அதே நம்பரை வைத்தேன். ஆக, பெயிண்டில் ஒன்பது திரையில் எட்டு. பெயிண்டில் பத்து திரையில் ஒன்பது. பதினொன்று, பத்து.

"எம்.ஈ., ஸ்கிரீன்லயும் எட்டை எடுத்துருங்க."

"கம்ப்யூட்டருக்குச் சனி கிடையாது அண்ணே."

"கம்ப்யூட்டருக்கு இல்லைங்க. நெல்லுக்கு இருக்குல்ல?"

"ஏழுக்கு மேல வந்தா ஒண்ணைக் கூட்டிக்கங்க. அம்புட்டுத்தான்."

"ஒக்காந்து பாக்குறப்பக் கூட்டிக்கலாம். அவசரத்துல ஓடுறப்ப கூட்டல் கணக்கு வராதுங்க எம்.ஈ."

மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் மறுத்தேன். கொஞ்ச நேர வேலைதான். ஆனால் அந்த ஒயர் விஷயம் என் நெஞ்சில் கிடந்தது. ஒரு மூடநம்பிக்கையை என் புரோகிராமுக்குள் விடமாட்டேன் என்று கொள்கை பேசினேன். இப்போது யோசித்தால் கொள்கையின் பங்கு அதில் குறைவு.

சம்பா அறுவடை. ஈர நெல் லாரிகள் வாசல் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கின்றன. முதலாளி காரைக்குடியில் ஒரு கல்யாணத்தில். முற்பகல் பதினொரு மணி வாக்கில் சைரன் கத்தியது. திரையில் ஒன்பது சிவப்பாக மின்னியது. நான் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, "ஒம்பது அண்ணே, ஒம்பது!" என்று கத்தினேன். நீங்கள் ஓடினீர்கள். ஒன்பது என்று பெரிதாக எழுதியிருந்த டிரையரின் ஸ்டீம் வால்வை இறுக்கி மூடினீர்கள். மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினீர்கள். சைரன் நிற்கவில்லை. சுட்டுக்கொண்டிருந்தது பக்கத்தில் இருந்த பத்து.

நமக்கு விளங்குவதற்குள் உள்ளே இருந்த நெல் முழுவதும் வறுபட்டு வெடித்துவிட்டது. ஒரு கைப்பிடி எடுத்துக் கசக்கினீர்கள். அரிசி வரவில்லை, குருணைதான் வந்தது. நீங்கள் என்னைத் திட்டவில்லை. "கூட்ட மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஒன்பது என்று கத்தியவன் நான். ஒன்றைக் கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எனக்கும்தான் தோன்றவில்லை.

அன்று மாலை நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். டிரைவரைத் திறந்து எட்டை எடுத்தேன். கடைசி மூன்று கருவிகளின் நம்பரையும் ஒன்பது, பத்து, பதினொன்று என்று பெயிண்டோடு பொருந்தும்படி மாற்றினேன். நீங்கள் மூன்று தடவை கேட்ட வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. பிறகு அன்றைய பதிவுகளை அழித்தேன்.

மறுநாள் காலை முதலாளி வந்தார். ஏசி ஆகாது என்று கண்ட்ரோல் ரூமுக்குள் எப்போதும் வராதவர், அன்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார்.

"பத்து பத்தாத்தானய்யா இருக்கு? நீ எப்பிடி ஒம்பதுக்கு ஓடுன?"

நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். ஏழு, அதற்கு அடுத்தது ஒன்பது. என் பக்கம் திரும்பினீர்கள். என் கண் விசைப்பலகையில் இருந்தது.

"என்ன எம்.ஈ., ஸ்கிரீன் சரியாத்தானே காட்டுச்சு?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"ஸ்கிரீன் சரியாத்தான் இருக்கு முதலாளி" என்றேன். இருக்கிறது என்று சொன்னேன், இருந்தது என்று சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் என்னிடமே எடுபடவில்லை.

நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். "ஓட்டத்துல மாறிப்போச்சு முதலாளி. என் தப்புதான்."

உங்களைக் கொதிகலனுக்கு அனுப்பினார்கள். உமி அள்ளிப் போடுகிற இடம். ஒரு வாரம் கழித்து உங்களைப் பார்க்க வந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். மீசையெல்லாம் உமித் தூசியாக நின்றுகொண்டிருந்த நீங்கள், என்னைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தீர்கள்.

"கடைசில எட்டை எடுத்துட்டீங்கல்ல எம்.ஈ.?"

"அண்ணே, அது வந்து..."

"நான் சொன்னா கேக்க மாட்டீங்க. நெல்லு சொன்னாத்தான் கேப்பீங்க."

"முதலாளிகிட்ட நான் வேணும்னா..."

"அட விடுங்க. இங்கிட்டு ஏசி இல்லை, ஒடம்புக்கு நல்லது. எட்டு போச்சுல்ல, அதைப் பாருங்க!"

அவ்வளவு சந்தோஷம் உங்களுக்கு. நான் கொண்டுவந்த மன்னிப்பை வைக்க இடமே தரவில்லை. கொதிகலனில் நீங்கள் ஜெயித்தவராக நின்றீர்கள். ஏசி ரூமில் நான் தோற்றவனாக உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதன் தனக்குத் தீங்கு செய்தவனிடம் இப்படி நடந்துகொள்ளலாமா? சட்டையைப் பிடித்திருக்கலாம். நாலு பேருக்கு முன்னால் கேட்டிருக்கலாம். இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டேன். சம்பளம் போதவில்லை என்று ஊரில் சொன்னேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். கன்வெர்ட்டரைச் சோதித்தேன். நன்றாக இருந்தது. சந்தனம் அதை ஒன்றும் செய்யவில்லை. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

"என்னதான் பிரச்சினை?" என்று சுகந்தியைக் கேட்டேன்.

"ஏழு வரைக்கும் பேசுது சித்தப்பா. ஒம்பதும் பத்தும் பேசுது. எட்டு மட்டும் பேச மாட்டேங்குது. அதுக்காகக் காத்துக்கிட்டு ஸ்கிரீனே இழுத்து இழுத்து வருது."

"எட்டு ஏதும்மா அங்க? பெயிண்ட்ல பாக்கலையா?"

"பெயிண்ட் எங்கப்பா எழுதுனது. அது தெரியும். உள்ள நம்பர் குடுத்தது நீங்கள்ல? எம்.ஈ. படிச்ச சித்தப்பா எட்டை விடுவாங்களான்னுதான் ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் அடிச்சேன்."

நான் திருகை மாட்டிக்கொண்டிருந்தேன். திருகு கீழே விழுந்து உருண்டது.

"எட்டை எடுத்துட்டுப் பதினொன்னைச் சேரு. சரியாயிரும்."

"ஏன் சித்தப்பா விட்டீங்க?"

"ஒங்கப்பா சொன்னாரு."

"அவரு சொன்னா நீங்க கேப்பீங்களா?" என்று சிரித்தாள். உங்கள் சிரிப்பு, அதே பல்.

மறுநாளே ஓட வைத்துவிட்டாள். புதன்கிழமை மதியம் போன் வந்தது. குரலில் சந்தோஷத்தைக் காணவில்லை.

"ஓடுது சித்தப்பா. பிசகே இல்லை. முதலாளி பாத்தாரு. 'வேலை நல்லாத்தான் செஞ்சிருக்க. ஆனா ஒங்கப்பன் பத்தை ஒம்பதுன்னு படிச்ச ஆளும்மா. அவரு மகளை எப்பிடி அங்கிட்டு ஒக்கார வைக்கிறது? யோசிக்கணும், திங்கக்கெழம சொல்றேன்'ங்கிறாரு. கண்ணு டெஸ்ட் எடுத்துக் காட்டவா முதலாளின்னு கேட்டேன். சிரிச்சுட்டாரு."

"நீ என்ன நெனைக்கிற?"

"நானும் ஸ்கிரீனைப் பாத்தேன் சித்தப்பா. பத்து பத்தாத்தான் இருக்கு. எங்கப்பா ஏன் ஒம்பதுக்கு ஓடுனாரு? கண்ணு சரியில்லாம இருந்துருக்குமோ? வீட்டுல யாருமே கவனிக்காம விட்டுட்டமோ?"

வேறு ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டதாகச் சொல்லிப் போனை வைத்தேன். கடையில் யாரும் இல்லை.

ஆகவே அண்ணே, இந்த இடத்தில் உங்களை ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்லிவிட்டு முதலாளியிடம் பேச வேண்டியிருக்கிறது. மில்லுக்கு வருகிற தபால் யார் பேருக்கு வந்தாலும் தானே பிரித்துப் படிக்கிறவர் அவர். அதனால்தான் உறைமேல் உங்கள் பேரையும் மில்லின் விலாசத்தையும் எழுதியிருக்கிறேன்.

முதலாளி அவர்களே, படித்துக்கொண்டிருப்பீர்கள். பத்து என்று பெயிண்ட் அடித்த டிரையரின் கருவியைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். கறுப்பு மையில் 9 என்று எழுதியிருக்கும். பதினொன்றின் பின்னால் 10. ஒன்பதின் பின்னால் 8. முதலில் மாட்டும்போது நான் எழுதியவை. கருவிக்குள் வைத்த நம்பரை மாற்றிவிட்டு, பின்பக்கம் எழுதியதை அழிக்க மறந்தேன். அன்று திரையில் மின்னியது ஒன்பதுதான். அந்த மனிதர் ஒன்பதைத்தான் மூடினார். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, உங்களிடம் பத்து டிரையர்தான் இருக்கிறது. விசிட்டிங் கார்டைத் திருத்துங்கள்.

அண்ணே, திரும்ப உங்களிடம் வருகிறேன்.

எனக்கு இப்போதும் சனியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் எந்த ஊரில் எந்த ஆலைக்குப் போனாலும் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன். இயந்திரத்தின்மேல் பெயிண்டில், சாக்பீஸில், கரித்துண்டில் அங்கே வேலை செய்கிறவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறேன். டிரைவரில் அதையே போடுகிறேன். இலுப்பூர்ப் பக்கம் ஒரு தீவன ஆலையில் மோட்டார்களுக்கு அந்த ஆலை முதலாளியின் பேரப்பிள்ளைகளின் பேரை வைத்திருக்கிறார்கள். திரையில் "தர்ஷினி சூடேறுகிறது" என்றுதான் வரும். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இதுவரை யாரும் தவறான மோட்டாருக்கு ஓடியதில்லை. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்கிறவர்களிடம், பல வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறேன். யாருடைய அனுபவம் என்று சொன்னதில்லை.

எழுதி முடித்ததும் கீழே கையெழுத்துப் போடப் பேனாவைக் கொண்டுபோனேன். கை நின்றது. கையெழுத்துப் போட்டால் நான் யோக்கியனாகிவிடுவேன். உண்மையை ஒப்புக்கொண்ட பெரிய மனிதர் என்று முதலாளி நாலு பேரிடம் சொல்வார். சுகந்தி பழத்தட்டோடு வந்து நின்றாலும் நிற்பாள். சாகிற வரைக்கும் உங்களை உமித் தூசிக்குள் நிற்க வைத்துவிட்டு, கடைசியில் நல்ல பேரை நான் வாங்கிக்கொள்வதா? அது வேண்டாம். எழுதியது யார் என்று முதலாளிக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்திருக்கும்; அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சுகந்தியைக் கூப்பிட்டு, "இது யாரும்மா எழுதுனது?" என்று அவர் கேட்பார். சித்தப்பா என்று சொல்வதும், அப்படி யாரும் எனக்கு இல்லை என்று சொல்வதும் அவள் இஷ்டம். அந்த இடத்தை அவளுக்காகக் காலியாக விட்டு, உறையை ஒட்டி, திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரும்படி இப்போதே தபாலில் போட்டுவிடுகிறேன்.